லிட்டருக்கு ஏழு

…ஆக, எப்போதும்போல ஓட்டினால் போதும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், ஆனால் எப்போதும்போல என்றால் எப்படி, நேற்று இந்த வளைவில் இரண்டாவது கியருக்கு வந்தாரா, மூன்றிலேயே முக்க முக்க இழுத்துக்கொண்டு போனாரா, யாரைக் கேட்பது, காலைத்தான் கேட்க வேண்டும், அதுவோ இன்று விடிந்ததிலிருந்து புது இடத்துக்கு வந்த மனுஷன் மாதிரி கூசிக்கொண்டு நிற்கிறது. முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு ஆக்சிலேட்டரில் கால் வைக்க யோசனை. பின்னால் எவனோ ஹாரன் அடிக்கிறான், சிக்னல் பச்சைக்கு மாறி எத்தனை நேரமாயிற்றோ, போகிறேனப்பா, போகிறேன், உனக்கென்ன, உன் டேங்க் மூடியில் யாரும் டேப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போடவில்லை. காலையில் மைத்துனன் அதைத்தான் செய்தான். அவனுடைய சலவை நிலையம், அவனுடைய பிக்கப்; லாட்ஜ் விரிப்பும் கிளினிக் போர்வையும் சலூன் துண்டும் ஏற்றி இறக்குகிற வேலை மட்டும் அக்கா புருஷனான இவருடையது. ‘வாங்க அத்தான், பங்க் வரைக்கும் நானும் வரேன்’ என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான், டேங்க் வழிய வழிய டீசல் போடச் சொன்னான், அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பைப் பையிலிருந்து எடுத்து மூடியைச் சுற்றி ஒட்டினான், பேனாவால் டேப்பும் தகரமும் சேர்கிற இடத்தில் ஒரு கையெழுத்து. ‘மூடி லூசா இருக்கு அத்தான், ஆவியாப் போகுதோ என்னவோ. ஒரு நாள் பார்ப்போம். சாயங்காலம் திரும்ப ரொப்பினா எவ்வளவு குடிச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.’ ஆவி. ஆவியாகப் போகிறதாம். இவரும் தலையை ஆட்டி, ‘ஆமா மாப்ள, வெயில் வேற’ என்றார். வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு கிடந்தது, இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

திருடன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சட்டையைப் பிடித்திருக்கலாம், சாவியை விட்டெறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்... மூடி லூசு என்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது. எல்லாம் அந்த மரச்சாமான் கடைக்காரனால் வந்தது, அவனிடமும் இதே பிக்கப்தான், இதே நிறம்கூட, ‘என்னுது லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் குடுக்குது, உன்னுது எப்படி ஏழு’ என்று மைத்துனனைக் கேட்டானாம், கேட்பான், அவன் வண்டி கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்வருகிறது, தார் ரோட்டில் ஒரே ஓட்டம். இது போவதெல்லாம் மூன்று கிலோமீட்டர், நில், இறக்கு, ஏற்று, மூன்றரை கிலோமீட்டர், நில், இடையில் நாலு சிக்னல், ஒரு பள்ளிக்கூட வாசல், சந்தை முக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு இடம். சூட்டைக் காட்டுகிற முள் அடிவாரத்தை விட்டு எழுந்ததே இல்லை. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான், ‘அண்ணே, எஞ்சின் சூடாகறதுக்குள்ள வண்டிய ஓரங்கட்டிடுறீங்க, நின்ன எடத்துலயே பச்சையாக் குடிச்சிட்டுக் கெடக்குது. இது ரோட்டுல ஓடற வண்டி, நீங்க தெருவுல ஓட்டுறீங்க.’ சரி, இதை மைத்துனனிடம் போய் யார் சொல்வது. மெக்கானிக் வாயில் இருக்கும்வரைக்கும் அது விஷயம், டிரைவர் வாய்க்கு வந்துவிட்டால் சாக்கு. அப்புறம் அந்தக் கணக்கு, அதுதான் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. நாற்பது கிலோமீட்டர் ஓடினால் ஆறு லிட்டர் ஆகும், தினமும் அப்படித்தான். இன்று டேப் ஒட்டிய பிறகும் ஆறு ஆனால் இவர் யோக்கியன். நாலோ நாலரையோ ஆனால்? மிச்சம் இத்தனை நாள் எங்கே போயிற்று அத்தான் என்று கேட்க மாட்டான், கேட்கவே மாட்டான், மூடியைத்தான் தடவிப் பார்ப்பான். ஆகவே இன்று டீசலை மிச்சம் பிடித்துவிடக் கூடாது... யாராவது கேட்டால் சிரிப்பார்கள். நல்லபடியாக ஓட்டினால் திருடன், ஊதாரித்தனமாக ஓட்டினால் உத்தமன்.

முதல் லாட்ஜின் பின்வாசல். மூட்டையை இறக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, இருக்கட்டும், எப்போதும் ஓடும், ஏனென்றால் ஒரு தடவை இதே வண்டி கிளினிக் வாசலில் அணைந்துபோய்த் திரும்பக் கிளம்பாமல், உள்ளே வரவேண்டிய ஆம்புலன்ஸ் வெளியே நின்று அலறி, காவலாளி நாலு பேர் முன்னால், ‘யோவ் பெரியவரே, தள்ளவாவது தெரியுமா’ என்று கேட்டு... அன்றிலிருந்து நடுவில் அணைப்பதில்லை. குட்டி குட்டி ஓட்டத்தில் பேட்டரி சார்ஜ் ஏறுவதில்லை, அதனால் அணைக்கப் பயம், அணைக்காததால் டீசல் போகிறது. இதையாவது சொல்லியிருக்கலாம். பேட்டரி கேட்கிறார் என்று நினைப்பானோ என்று சொல்லவில்லை. அக்கா புருஷன் ஏதாவது கேட்டால் அது கேட்பதாக இருக்காது, உரிமை கொண்டாடுவதாக இருக்கும்... வேலைக்குச் சேர்ந்த அன்றே முடிவு செய்துவிட்டார், இவனிடம் வாய்விட்டு எதையும் கேட்பதில்லை என்று. அந்த ரோஷம் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறதோ.

இதில் பெரியது மைத்துனன் இல்லை. இரண்டு நாளைக்கு முன்னால் மனைவி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே, இவரைப் பார்க்காமல், ‘ஏங்க, தம்பி உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டானா?’ என்றாள். என்ன கேட்க? ‘இல்ல, வண்டி நெறைய குடிக்குதுன்னு என்கிட்ட சொன்னான்.’ நீ என்ன சொன்னே? ‘நான் என்னத்தச் சொல்றது, எனக்கென்ன தெரியும்னு சொன்னேன்.’ எனக்கென்ன தெரியும். அப்போது அது சாதாரணமாகத்தான் காதில் விழுந்தது, வண்டியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், நியாயம்தானே என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்று காலை டேப்பை ஒட்டியபிறகுதான் அந்த வார்த்தை திரும்பி வந்து உட்கார்ந்தது. அவன் வண்டியைப் பற்றியா கேட்டிருப்பான்? அத்தான் அப்படிச் செய்வாரா அக்கா என்றல்லவா கேட்டிருப்பான்... அதற்கா எனக்கென்ன தெரியும்? முப்பத்தொரு வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தவளுக்கு, இவர் குறட்டை விடுவது எந்தப் பக்கம் படுத்தால் நிற்கும் என்று தெரிந்தவளுக்கு? இல்லை, அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள், சிரித்திருப்பாள், ‘போடா, அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது, திருட வேற வருமா’ என்றிருப்பாள்... சொன்னாளா? வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். கேட்டால், ‘இதையா நாள் பூராவும் நெனச்சுக்கிட்டிருந்தீங்க’ என்பாள், அது பதில் ஆகாது. சாயங்காலம் ஆறு லிட்டர் போகட்டும், அது அவளுக்கும் சேர்த்துப் பதில்.

கிளினிக்கில் துணி வாங்கி வைக்கிற அம்மாள் போர்வைகளை ஒவ்வொன்றாக உதறிக் கறை பார்ப்பவள், இருபது நிமிஷம் ஆகும். இவர் சீட்டிலேயே சாய்ந்துகொண்டார், ஏசி ஓடுகிறது, முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. ஜன்னலைத் தட்டினாள்.

‘அண்ணே, வண்டிய அணைங்க, பொகை உள்ளாற வருது.’

‘இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும்மா.’

‘ஏன், இன்னிக்கு வண்டிக்குப் பொறந்த நாளா? தெனமும்தான் சொல்றேன், நீங்க காதுலயே வாங்கறதில்ல. வயசாயிடுச்சு, சரியாக் கேக்கல போலன்னு விட்டுட்டேன்.’

தினமுமா? தினமும் சொல்கிறாளா? இவருக்கு அப்படி ஒரு நாளும் நினைவில் இல்லை, அவள் வாயசைப்பதும் கையாட்டுவதும் தெரியும், வரேன்மா என்று இவரும் கையாட்டுவார், விடைகொடுக்கிறாள் என்றே நினைத்திருந்தார். இத்தனை நாள் இந்த வாசலில் இருபது இருபது நிமிஷம்... கண்ணை மூடிக்கொண்டு, குளிர்காற்றில், யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் என்று... சேர்த்துப் பார்த்தால் எத்தனை லிட்டர்? குழாய் விட்டு உறிஞ்சவில்லை, கேனில் பிடித்து விற்கவில்லை, ஆனால்... சே, அதுவும் இதுவும் ஒன்றா. பேட்டரிக்காகத்தானே ஓடவிட்டோம். பேட்டரிக்காகவா?

மதியத்துக்குமேல் சந்தை முக்கில் நிற்கும்போதுதான் டீசல் முள்ளைப் பார்த்தார். எட்டு இடம் முடிந்தது, இந்நேரம் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்க வேண்டும், அந்தக் கோடுதான் ஆறு லிட்டர், முள் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்து தொலைத்தார்? யோசித்தால் தெரிகிறது, கால்தான், பழைய கால். நெடுந்தூர லாரி ஓட்டிய காலம், இறக்கம் வந்தால் கால் தானாகவே எழும்பிக்கொள்ளும், சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து வண்டியை உருளவிட்டுவிடும், கம்பெனியிலேயே குறைவாக டீசல் குடித்த டிரைவர் என்று ஒரு வருஷம் மேடைக்குக் கூப்பிட்டுச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து மற்ற டிரைவர் பெண்டாட்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முட்டி தேய்ந்து லாரியை விட்டபின் அந்தக் கால் செத்துவிட்டது என்றல்லவா நினைத்தார். யார் எப்படிப் போனால் என்ன என்று மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார், இன்று ஒருவன் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது, வேலை தெரியும் என்று காட்ட வந்துவிட்டது, மடக் காலே, இன்றைக்கா காட்டுவாய்.

பதினோராவது இடமும் முடிந்தது. பெரிய லாட்ஜின் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற சந்தில் வண்டியை ஓரங்கட்டினார். ஏசியை முழுசாகத் திருகினார். கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினார், ஆளில்லாத சந்தில் எஞ்சின் உறுமியது, ஒரு பூனை சுவரேறிக் குதித்தது. விட்டார். திரும்ப அழுத்தினார்... மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சூட்டு முள் அடியிலிருந்து எழுந்து நடுவுக்கு வந்தது, நிற்கிற வண்டியில். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்து, ‘என்னா பெருசு, ரிப்பேரா?’ என்றான். ‘ஆமாப்பா, கொஞ்சம் தொந்தரவு.’ ‘அணைச்சுட்டுப் பாரேன்.’ ‘அணைக்கக் கூடாது.’ அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனான். குளிரில் விரல்கள் விறைத்தன, நெற்றியில் மட்டும் வேர்வை, முள் அசைகிறதா, அசைகிற மாதிரி இருக்கிறது, இல்லை, கண்தான்... அரை மணி, முக்கால் மணி. யாரோ ஒரு பைத்தியக்காரக் கிழவன் நிற்கிற வண்டியை நாலு ஊர் தூரம் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது, அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்ததுபோலக்கூட இருந்தது, பாவமாக இருந்தது. முள் முதல் கோட்டைத் தொட்டது.

பங்கில் மைத்துனன் முன்னாலேயே வந்து காத்திருந்தான். டேப்பைக் குனிந்து பார்க்கவில்லை, பார்க்காத மாதிரிப் பார்த்துவிட்டு நகத்தால் உரித்தான். எண்கள் ஓடின, நாலைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, இவர் எதிர்ச் சுவரில் டயர் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தே முக்காலில் நின்றது. மைத்துனன் முகத்தில் ஒரு சங்கடம், தரையைப் பார்த்தான். ‘வண்டிதான் அத்தான் கோளாறு.’ ‘நான்தான் சொல்ல விட்டுட்டேன் மாப்ள.’ ‘இல்ல, நான்தான்... அக்காகூட அன்னிக்கே என்னைத் திட்டுச்சு, யாரைப் பத்திடா பேசறேன்னு. எனக்குத்தான் புத்தில ஏறல. மனசுல வெச்சுக்காதீங்க.’ திட்டினாளா? அவள் திட்டினாளா? எனக்கென்ன தெரியும் என்றது இவரை நோகவிடாமல் இருக்கச் சொன்னதா, அடிப்பாவி, அதைச் சொல்லியிருந்தால்... அழுகை மாதிரி ஒன்று மூக்கு வரைக்கும் வந்தது, டீசல் வாடை என்று துடைத்துக்கொண்டார். மைத்துனன் டீ வாங்கிக் கையில் கொடுத்தான், முதலாளி கொடுப்பது மாதிரி இல்லை, கல்யாணமான புதிதில் கொடுப்பானே அது மாதிரி. ‘விடுங்க, தெரு ஓட்டத்துக்கு அது ஏழுதான் குடுக்கும்னு வெச்சுக்குவோம். இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.’

சூடு நாக்கில் பட்டது. ஜெயித்தாயிற்று. உடம்பு தளர்ந்து அப்படியே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது, நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இருந்தது, இரண்டு வாய் டீ வரைக்கும் இருந்தது. அப்புறம் அந்தக் கால், இன்று விழித்த அந்தக் கால், செருப்புக்குள் மெல்ல அசைந்தது... நாளைக்குச் சிவப்பு விளக்கைத் தூரத்தில் பார்த்தால் அது தானாக எழும்புமே, கிளினிக் வாசலில் அந்த அம்மாள் கையாட்டினால் இனி காதில் விழுமே, அணைத்துவிட்டால், உருளவிட்டால், எட்டு வரும், ஒன்பது வரும், வந்தால் மைத்துனன் சந்தோஷமா படுவான்? இன்று ஏழு, அதற்குள் எப்படி அத்தான் ஒன்பது என்று கேட்க மாட்டான், இனிமேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்றுவிட்டான், மூடியைத்தான் தடவிப் பார்ப்பான்... ‘என்ன அத்தான் யோசனை?’ ஒன்றுமில்லை மாப்ள என்று தலையை ஆட்டினார், டம்ளரை வைத்தார், சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினார், எஞ்சின் உறுமியது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.