செவலைக்கு வராத காய்ச்சல்

செவலையை ஏற்றிவந்த லோடு ஆட்டோ சங்கரன்கோவிலுக்குள் நுழைந்ததும் ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. ஓட்டுநர் டீ குடிக்க இறங்கிப் போனான். பின்னால் மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்த நல்லக்கண்ணுவுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. குருவிகுளத்திலிருந்து யார் யார் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கெல்லாமோ இந்த மாட்டையும் கன்றையும் கொண்டுவந்திருக்கிறார். இந்தத் தடவை மகள் ராஜராஜேஸ்வரியின் வீடு. அவளும் புருஷனும் ரெண்டு ஜெர்சி மாட்டை வைத்துப் பால் கறந்து ஊற்றியே எழுப்பிய வீடு.

ஊரைச் சுற்றிக் காலி மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருந்தது. வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் விடியுமுன் முதலில் வாசற்படி ஏறுவதற்கு நாட்டுமாடுதான் வேண்டும். ஜெர்சி ஆகாது, திமில் இருக்க வேண்டும், கன்றும் கூடவே வர வேண்டும். செவலைக்கு இதில் தனி ராசி. நடுக்கூடத்தில் போய் நின்றதும் யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சாணி போட்டுவிடும். வீட்டுக்காரர்களுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். முந்தின சாயங்காலமே வந்துவிடுவதால், ராத்திரிக்கு அக்கம்பக்கத்தில் எந்தத் தொழுவில் இடம் இருக்கிறதோ அங்கே கட்டிக்கொள்வது வழக்கம்.

“அண்ணாச்சி, நம்ம செவலையா இது?”

டீக்கடைப் பக்கமிருந்து வந்தவள் ஜுலைகா பீவி. வைகாசியில் அவள் பக்கத்து வீட்டுப் பால்காய்ப்பின்போது செவலை அவள் தொழுவில்தான் நின்றது. பக்கப் பலகை வழியாகக் கையை நீட்டி மாட்டைத் தடவிக்கொடுத்தாள்.

“என் மாடு போயிட்டு அண்ணாச்சி. ஆடியில. காதுக்குக் கீழ நெறி கட்டிச்சு, காய்ச்சல்னா அப்படி ஒரு காய்ச்சல். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு உண்ணிக் காய்ச்சல்னாவ. வெளி மாடு ஏதும் வந்து நின்னுச்சான்னு கேட்டாவ. இல்லன்னுட்டேன்.” தடவிய கையை அவள் எடுக்கவில்லை. “வந்தது செவல மட்டுந்தான? நல்ல காரியத்துக்கு வந்த மாட்டப் போயி வெளி மாடுன்னு சொல்ல முடியுமா?”

நல்லக்கண்ணு கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். “ஆண்டவன் பாத்துக்கிடுவான்” என்றார். அவருக்கே அது யாரோ பேசுவதுபோல் கேட்டது.

ஆட்டோ கிளம்பியது. தை மாதம் வாசுதேவநல்லூரில் ஒரு தொழுவில் செவலை நின்றதும், பிறகு அங்கே ஒரு மாடு செத்ததாகக் கேள்விப்பட்டு உச்சுக்கொட்டிவிட்டு மறந்துபோனதும் நினைவுக்கு வந்தன. அதற்கும் பின்னால் போய் நின்றது மனசு. முன்பொரு வருஷம் இதே காய்ச்சல் அவர் ஊரைச் சுற்றியது. கலப்பின மாடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. செவலை மட்டும் சில நாள் இரை எடுக்காமல் கிடந்து, எழுந்து நின்றது. பார்க்க வந்த டாக்டர், “பொழச்சிட்டு, இனிமே இதுக்கு லேசுல வராது” என்றார். அதைத்தான் நல்லக்கண்ணு ஊர் ஊராகத் தண்டோரா போட்டார். டாக்டர் அதோடு நிறுத்தவில்லை.

“கிருமி சாகலய்யா. ரத்தத்துல கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். அது உள்ள இருக்கதாலதான் இந்த மாடு தாங்குது. இதக் கடிச்ச உண்ணி நாளைக்கு ஒரு ஜெர்சியக் கடிச்சா அது தாங்காது. உண்ணி அண்டாமப் பாத்துக்கோங்க.”

அப்போது அவர் தலையைத் தலையை ஆட்டினார். கண்ணெல்லாம் அசைபோட ஆரம்பித்திருந்த செவலையின் வாய்மேல் இருந்தது.

ஓடுகிற வண்டியில் மாட்டின் காதை மடக்கிப் பார்த்தார். மடிக்குப் பின்னால், வாலடியில், கன்றின் தொடையிடுக்கில் தடவினார். அகப்பட்டதை எல்லாம் பிய்த்து நசுக்கினார். அகப்படாதது எத்தனையோ! திரும்பிப் போய்விடலாம். மகளிடம் என்ன சொல்வது? ஜுலைகா பீவியிடம்? செவலையை ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த அத்தனை வீட்டுக்கும்? இனி இந்த மாட்டை எவன் தெருவுக்குள் விடுவான்? அவர் பயந்தது மாடுகளுக்காக மட்டும் இல்லை. அது அவருக்கே தெரிந்திருந்ததால் இன்னும் பயந்தார்.

ராஜராஜேஸ்வரி தெருமுனைக்கே ஓடிவந்தாள். தொழுவில் ஜெர்சிகளில் ஒன்று நிறைசினையாக நின்றது.

“செவல வெளிய வேம்புலயே நிக்கட்டும்” என்றார் நல்லக்கண்ணு.

“ஏம்ப்பா, உள்ள எடம் கெடக்கே?”

“காத்தாட நிக்கட்டும்ங்கேன்.”

அவரே கயிற்றை வேம்பில் கட்டினார். பால்காய்ப்பு முடிந்ததும் பொழுது விடியுமுன் மாட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டே படுத்தவர் அசந்துவிட்டார்.

விழித்தபோது புதுவீட்டில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. தரை ஈரம். வேம்படியில் மாடும் இல்லை, கன்றும் இல்லை. தொழுவில் விளக்கு எரிந்தது. ராஜராஜேஸ்வரி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செவலையின் நெற்றியில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி தூத்தல் போட்டுச்சுப்பா. கன்னுக்குட்டி நனைஞ்சிட்டு நின்னுச்சு. நீங்க அசந்து தூங்கினிய, நாந்தான் அவுத்து உள்ள கட்டுனேன்.” சிரித்தாள். “வேணும்னேதான் சினைமாட்டுப் பக்கத்துல கட்டுனேன். செவல ஒடம்புல இருக்கது கொஞ்சம் இதுக்கும் ஒட்டட்டுமே.”

“ஏட்டி…” என்றார்.

“மாமா, நேரம் ஆவுது! மாட்டக் கொண்டாங்க!” புதுவீட்டு வாசலிலிருந்து மருமகன் ராம்சங்கர் கூப்பிட்டான்.

நல்லக்கண்ணு செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு புதுவேட்டியோடு தொழுவில் மண்டியிட்டார். வைக்கோலை விலக்கினார். சாணித் தரையில் கை வைத்துத் தடவினார்.

“என்னப்பா தேடுதிய? மோதிரம் எதும் விழுந்துட்டா?”

ஆமணக்குக் கொட்டை அளவுக்கு ரத்தம் குடித்துப் பருத்த ஒன்று, அவசரமே இல்லாமல் சுவரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரலை ஓங்குமுன் வெடிப்புக்குள் போய்விட்டது. சுண்டுவிரல்கூட நுழையாத வெடிப்பு. விளக்கைச் சுவரோடு நகர்த்தினார். கூரை வரைக்கும் வெடிப்பாகவே இருந்தது. அவர் தலைக்கு மேலே சினைமாடு கழுத்தை நீட்டி, தன் கன்றை நக்குவதுபோல் செவலையின் காதுமடலை மெதுவாக நக்கிக்கொண்டிருந்தது.