நூல் கட்டாத டம்மி

அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதென்றால் பாய்லர்காரருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷமாக நீராவிக்குக் காவல் இருப்பவர். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். அழுத்தச் சோதனையின்போது குழாயின் வாயை அடைக்கிற பித்தளைக் கட்டைக்கு டம்மி என்று பெயர். டம்மி வைத்த இடத்தில் ஒரு சிவப்பு நூலை வெளியே தெரிகிற மாதிரி கட்டித் தொங்கவிட வேண்டும். நூல் தொங்கினால் உள்ளே டம்மி இருக்கிறது, எடுக்காமல் அடுப்பு மூட்டாதே என்று அர்த்தம். ஒருமுறை நூல் கட்ட மறந்த ஆளோடு அவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டுப் பின்பக்கப் பட்டறையில், ஒரு பொம்மை நீராவிக் கப்பலுக்கு முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கப்பல் அவருடைய அக்காள் புருஷன் செய்தது. அத்தான் குமாஸ்தா உத்தியோகம். அலுவலகம் விட்டு வந்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன லேத்தைப் பூட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் கடைந்து கடைந்து அதை உருவாக்கினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். செம்பில் பாய்லர், தீப்பெட்டி அளவில் என்ஜின். தண்ணீரில் விடுவதற்கு முன்னால், நீ பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் தைரியம் என்று மச்சினனிடம் கொடுத்தார். பாய்லர்காரரும் நீராவிக் குழாய்க்கு ஒரு டம்மி வைத்துத் தண்ணீரை ஏற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

பூங்காக் குளத்தில் சொந்தக்காரர்களும் அலுவலக சிநேகிதர்களும் கூடி நிற்க, விளக்கு எரிந்தது, தண்ணீர் கொதித்தது, பாதுகாப்பு வால்வு உஸ் உஸ் என்று சீறியது. கப்பல் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நங்கூரத்தை எடுக்க மறந்துவிட்டீர்களா அத்தான் என்று முதலில் கேட்டவர் பாய்லர்காரர்தான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அத்தானுக்கு நங்கூரம் என்றே பெயர். அவர் பணி ஓய்வு பெற்ற நாளில்கூட மாலையைப் போட்டுவிட்டு அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

குளத்தில் தோற்ற மறுமாதமே அத்தான் அந்த லேத்தைப் பாய்லர்காரர் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தனக்குக் கைவேலை சரிப்படாது, வேலை தெரிந்தவரிடம் இது இருக்கட்டும் என்றார். கொடுத்து வைத்தவன் நான் என்று பாய்லர்காரரும் வாங்கிக்கொண்டார்.

இப்போது வீடு மாறுகிறார்கள். பரண் மேலிருந்து இறங்கிய கப்பலை அக்காள் தூக்கிக்கொண்டு வந்து, உன் அத்தான் கண் முன்னால் இது ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்றாள். பாய்லர்காரர் மூன்று வாரம் உழைத்தார். பச்சைக் களிம்பு பிடித்த செம்பைத் தேய்த்தார், தளத்துக்குப் புதுப் பலகை போட்டார், சுழல்தண்டு உரசாமல் சுழலப் புது புஷ் வளையம் கடைந்தார். எல்லாம் அதே லேத்தில். கடைசியாகப் பாய்லர் பக்கத்து நட்டைக் கழற்றியபோது குழாயின் வாயில் டம்மி உட்கார்ந்திருந்தது. தலையில் ஒரு மூலையைச் சரிவாக ராவிய டம்மி. அப்படி ராவுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். பொம்மைக்கு எதற்கு நூல் என்று அன்றைக்கு நினைத்தது அப்படியே ஞாபகம் வந்தது.

ஓட்டை உடைசல் டப்பாவில் அதைப் போட்டு மூடினார். எவனுக்கும் தெரியப்போவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் விட்டபோது கப்பல் கடகடவென்று ஓடியது. அத்தானின் என்ஜினில் அவர் கை வைக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. அந்த அவமானம் தாங்காமல்தானோ என்னவோ, மாலையில் குளத்துக்குக் கிளம்பும்போது டப்பாவைத் திறந்து டம்மியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கப்பல் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. கூட வந்திருந்த பழைய அலுவலக சிநேகிதர், நங்கூரம் ஒருவழியாகக் கழன்றது, மச்சினன் கைராசி என்று பாய்லர்காரரின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் பாய்லர்காரருக்கு உடம்பு கூசியது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிலிண்டர்லதானே தப்பு, மாப்ள? மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன், எனக்குப் புடிபடவே இல்ல. பாய்லர் பக்கம் நான் போகவே இல்ல. அது நீ பாத்ததாச்சே."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் டீ குடிக்கப் போய்விடலாம். பாய்லர்காரர் பையிலிருந்து டம்மியை எடுத்து அத்தானின் உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பு உங்களுது இல்ல அத்தான். இது நான் வெச்சது. எடுக்க மறந்துட்டேன். நீராவி உங்க என்ஜினுக்கு வரவே இல்ல."

சிநேகிதர் சட்டென்று குளத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அக்காள், பிறந்ததிலிருந்து தெரிந்த தம்பியை யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது பாய்லர்காரருக்கு. லேத்தை நாளைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று அவருக்கே புரிந்தது.

அத்தான் கோபப்படவில்லை. டம்மியை விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்க்க முயன்றார். எழுபத்தொரு வயதுக் கை நடுநடுங்கியது. டம்மி நழுவிப் புல்லில் விழுந்தது. அதை எடுக்கக் குனியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அன்னைக்கு இது நல்லாத்தான் இருந்திருக்கு, இல்ல மாப்ள?"

"நல்லா இருந்துச்சு அத்தான்," என்றார் பாய்லர்காரர்.