பதினேழாவது போர்ட்

எங்கள் மருத்துவமனையில் யாருடைய கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வேகம் என்பதை முடிவு செய்கிறவன் நான். பெரிய டாக்டர்களுக்கே இது தெரியாது. ஒவ்வொரு மாடியிலும் பூட்டிய அலமாரிக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, நாற்பத்தெட்டு கேபிள்கள் வந்து செருகிக்கொள்ளும் சப்பையான பெட்டி. நெரிசல் வந்தால் தொலைபேசி முதலில், ஸ்கேன் படம் அடுத்து, மற்றதெல்லாம் பிறகு என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். கேபிள் செருகும் துளைக்குப் போர்ட் என்று பெயர்; ஒரு போர்ட்டை மட்டும் பிடித்து, உனக்கு இவ்வளவுதான் என்று வேகத்தைக் கட்டியும் வைக்கலாம். இந்த அதிகாரம் என் தலைக்கு ஏறியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அம்மாவை மூட்டுவலிக்குக் காட்ட அழைத்து வந்தேன். பதிவுப் பிரிவில் மூன்று கவுன்ட்டர்கள். மூன்றாவதில் இருப்பவரை எல்லோரும் பதிவக்கா என்போம். ஐம்பதை நெருங்குகிறவர், இருபது வருஷமாக அதே நாற்காலி. எதிரில் பத்துப் பேர் நின்றார்கள். நான் கழுத்து அட்டையை ஆட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய், "அக்கா, அம்மாவுக்கு ஒரு டோக்கன்" என்றேன்.

"நெட்வொர்க் வேலைன்னா உள்ள வாங்க தம்பி. வைத்தியம்னா வரிசையில வாங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மதியமே பதினேழாவது போர்ட்டைத் தேடிப் பிடித்தேன். அது அவருடையது. மூன்று நொடியில் திறக்கும் கோப்பு மூன்று நிமிஷம் முக்கும்படி வேகத்தைக் கட்டினேன். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அடையாளமாக ஒரு பெயர் எழுத இடம் உண்டு. அதிலிருந்த 'மூன்றாம் கவுன்ட்டர்' என்பதை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் 'ஆமை' என்று அடித்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம்.

புதன்கிழமை அவரே கூப்பிட்டார். "கோப்பு திறக்கவே மாட்டேங்குது தம்பி. கொஞ்சம் பாருங்களேன்."

போனேன். மேசைக்கு அடியில் குனிந்து கேபிளைச் சும்மா உருவிச் செருகினேன். நிமிர்ந்து, "மிஷின்ல ஒண்ணும் இல்லக்கா. அது திறக்கறதுக்குள்ள நீங்க நாலு தடவ அமுக்கிடறீங்க. கை முன்ன மாதிரி இல்ல போல, வயசாகுதுல்ல?" என்றேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு புகாரே சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை புதுக் கட்டிடத்தில் கேபிள் வேலை தொடங்கியது. ஐந்து மாதம் அங்கேயே கிடந்தேன். ஆமையைச் சுத்தமாக மறந்துபோனேன்.

பழைய ஸ்விட்ச்சை மாற்றுவதற்காக அதிலுள்ள கட்டளைகளை வரிவரியாகப் படித்தபோதுதான் பதினேழில் கண் நின்றது. வேகத்துக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்தேன். அந்தப் பக்கத்தை ஏன் அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. கீழே ஓடினேன்.

முதல் இரண்டு கவுன்ட்டர்களிலும் கூட்டம் வழிந்தது. மூன்றாவதில் ஒரே ஒருவர். அங்கே போனால் பொழுது போய்விடும் என்று ஜனங்களுக்கே தெரிந்திருந்தது. பதிவக்காவின் மேசையில் ஒரு ரப்பர் பந்து கிடந்தது.

"என்னக்கா இது?"

"விரலுக்குப் பயிற்சி. டைப்பிங் வகுப்புக்கும் போறேன் தம்பி, சின்னப் பசங்க கூட. பாருங்க, இன்னைக்குத்தான் கை கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குது." பந்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "இனிமே என்ன பிரயோஜனம்? கீழ கோப்பு அறைக்கு மாத்திடுங்கன்னு எழுதிட்டேன். அவங்களா எழுப்பி விடறதுக்கு முன்னாடி நாமளே எழுந்துடணும்."

பதினோரு மணிக்கு அந்தக் கடிதத்தோடு மேலாளர் அறைக்குள் அவர் நுழைந்ததும் நானும் பின்னாலேயே நுழைந்தேன். மேலாளரின் மேசையில் ஐந்து மாதப் பட்டியல் இருந்தது, எந்தக் கவுன்ட்டரில் எத்தனை பேர் என்று. மூன்றாவது பாதாளத்தில் கிடந்தது.

"சார், அந்தக் கவுன்ட்டர் போர்ட்ல ஒரு பழுது. அவங்க மேல தப்பில்ல" என்றேன். அப்போதும் பொய்தான் வாயில் வந்தது.

மேலாளர் பதில் சொல்வதற்குள் பதிவக்கா குறுக்கிட்டார். "எனக்காகச் சொல்றார் சார். நல்ல பிள்ளை. அன்னைக்கே வந்து கீழ குனிஞ்செல்லாம் பார்த்தார். மிஷின்ல ஒண்ணும் இல்லன்னு அவரே சொன்னார். அவர் ஏன் பொய் சொல்லப் போறார்?"

உடம்பெல்லாம் கூசியது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தேன். தேதி, வேகம், செய்தவன் பெயர், போர்ட்டின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. "பழுது இல்ல சார். நான்தான் கட்டி வெச்சேன்."

பதிவக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். "ஆ... மை." நிமிர்ந்தார். "நானா?"

"ஆமாக்கா."

மேலாளர் என்னென்னவோ சத்தம் போட்டார். எதுவும் காதில் ஏறவில்லை. பதிவக்கா தன் கடிதத்தை எடுத்து நான்காக மடித்தார். "கவுன்ட்டர்ல ஆள் நிக்கறாங்க சார்" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அம்மாவோடு மூன்றாவது வரிசையில் நின்றேன். பதினொன்றாவது ஆள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் பதிவக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "நோயாளி பேர் சொல்லுங்க சார்" என்றார்.

'தம்பி' என்பது போய்விட்டது. பெயரைச் சொன்னேன். அரை நிமிஷத்தில் டோக்கன் வந்துவிட்டது.

நகர்ந்து வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நடுவுல இந்தப் பொண்ணுக்குக் கை ஓடலைன்னு நீதானே வீட்ல சொல்லிச் சிரிச்ச? இப்ப தேறிடுச்சு போல."

"அவங்க கை எப்பவும் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.