நீல மையில் பிழைத்த தேவகி

தேவகியை நான் கொன்றுவிட்டேன் என்று முந்நூறு பேர் பார்க்க எழுதியிருந்தார் நாகஜோதி அக்கா.

தேவகி ஒரு பழைய காதல் தொடர்கதையின் நாயகி. அந்தக் கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி ஒரு செயலியில் வாராவாரம் எழுதிவந்தேன். கடிதங்களை வாட்ஸ்அப் ஆக்கினேன், தேவகியை நர்ஸ் ஆக்கினேன். ராஜபாளையத்திலிருந்து அக்கா வாராவாரம் சண்டைக்கு வந்தார். ‘தேவகி சுடிதார் போட மாட்டா.’ சிரித்துக்கொண்டே பொறுத்தேன். கடைசி அத்தியாயத்தில் தேவகி பிரசவத்தில் இறந்ததும், ‘பிள்ளையோட வீட்டுக்கு வந்தவளை எப்படிச் சாகடிப்ப? மூலக்கதையைப் படிச்சியா?’ என்று கேட்டுவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் மூலப் புத்தகத்தைத் தேடியெடுத்து, கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து, அவர் கமெண்டுக்குக் கீழேயே போட்டேன். அதிலும் தேவகி சாகத்தான் செய்கிறாள். ‘இப்போது யார் படிக்கவில்லை?’ என்று வேறு கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் அக்கா எழுதவே இல்லை.

பத்து நாள் கழித்து அவர் மகள் மாரிசெல்வி போன் செய்தாள். “அம்மா சரியாவே சாப்பிடல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” மறுநாளே பஸ் ஏறினேன்.

வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டிங் செய்த தொடர்கதையை அக்கா என்னிடம் நீட்டினார். கடைசி வாரம் மட்டும் அச்சில் இல்லை. நீல மையில், கோணல் எழுத்தில் நாலு பக்கம். அதில் தேவகி பிழைத்து வீடு திரும்புகிறாள்.

“அந்த வாரம் பொஸ்தகம் கெடைக்கல, யார்ட்டயோ வாங்கிப் பாத்து எழுதுனேன்னு சொன்னாவ” என்று எதிரே கைகாட்டினார். சுவரில் கணவர் காசிராஜனின் படம், மாலையோடு. “அப்ப மாரிசெல்வி என் வயித்துல எட்டு மாசம். மொதப் பிள்ளை தங்கல.”

எனக்குத் தலை நிமிரவில்லை. “மன்னிச்சிருங்கக்கா. நான் போட்டதை அழிச்சிருதேன்.”

“அழிக்காத பிரிஸ்கில்லா. அது இல்லன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்கேன், அவிய வாசல்ல நின்னு பேப்பர் படிச்சாவ. கல்நெஞ்சுன்னு முப்பது வருசமா ஏசியிருக்கேன். நான் செத்துருவேன்னு அம்புட்டு பயந்திருக்காவளே!”

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை.

“இந்தச் சித்திரையிலதான் போனாவ. அதுக்கு மொத நாளும் ஏசுனேன்” என்றார்.