இடக்கைச் சுழி

ஒரு காரை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் ராசமணி பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாத ஒன்றையும் பார்த்தாள். அதில்தான் ஏமாந்தாள்.

நகரத்துக்கு வெளியே, புக்கெகோஹி என்கிற தோட்ட ஊரில் வெங்காயமும் கரட்டும் பொதி செய்கிற கொட்டகையில் அவளுக்கு வேலை. அவள் குடியிருந்த மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து அவளோடு இன்னும் நான்கு பெண்கள். அவர்களுடைய விடியற்காலை வேலைக்காக எந்த பஸ்ஸும் ஓடவில்லை. ஐவரில் லைசென்ஸ் இருந்தது ராசமணியிடம் மட்டும். ஆகவே தொண்ணூற்றாறாம் ஆண்டு குளிர்காலத்தில் கார் வாங்குகிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

பழைய கார் விற்கிற யார்டில் நீலக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. ஓட்டத் தகுதியான கார் என்கிற வாரன்ட் இருந்தது, ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தது, டயர் தேயவில்லை. கடைசியாக பானெட்டைத் திறந்தாள். எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற தகட்டில், மஞ்சள் பெயின்டில், ஒரு பிள்ளையார் சுழி! ராசமணி ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற மன்னார்க்காரிதான். ஆனாலும் உச்சி குளிர்ந்து போனாள். நம்முடைய ஆட்கள் ஓட்டிய கார் அல்லவா! வேளைக்கு எண்ணெய் மாற்றியிருப்பார்கள், சீட்டின் பொலித்தீன் உறையைக்கூட இரண்டு வருடம் கழற்றியிருக்க மாட்டார்கள். அதற்கு மேல் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் காரை நேரே வேதவள்ளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். வேதவள்ளி மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்தவள், இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

“பாருங்கோ அக்கா, உங்கட பிள்ளையார் எனக்குக் கார் தந்திருக்கிறார்,” என்று பானெட்டைத் தூக்கினாள் ராசமணி.

வேதவள்ளி சிரித்துக்கொண்டே குனிந்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இடது பெருவிரலை நீட்டி, சுழிக்குப் பக்கத்தில் அப்பியிருந்த மஞ்சள் கறையின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

“ராசமணி, இது நான் போட்டது லா. சந்தனம் எஞ்சின் சூட்டுக்கு நிக்காதுன்னு பெயின்ட்ல போட்டேன். எனக்கு இடது கைதான் பழக்கம், யாரும் பாக்கலன்னு அந்தக் கையாலயே போட்டேன், கோடு எப்படிச் சாய்ஞ்சு கிடக்கு பாரு. இது எங்க காடி.”

கிள்ளான்காரர்களுக்குக் கார் என்றால் காடி. ராசமணிக்கு மகிழ்ச்சி இரட்டிப்பானது. “அப்ப நல்லதுதானே அக்கா!”

“நல்லதில்லம்மா. மோட்டார்வேயில லாரி பின்னால இடிச்சு, காடியை வெட்டித்தான் எங்க வீட்டுக்காரரை வெளிய எடுத்தாங்க. இதை ஓட்டாதே.”

ராசமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயை அடக்க முடியவில்லை. “உங்கட காரை நான் வாங்கினது உங்களுக்குப் பொறுக்கேல்லையோ?”

வேதவள்ளியின் கண் கலங்கியது. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள். அவளோ கணவனைக் கூப்பிட்டாள். தனபாலன் எந்தக் காகிதத்தையும் எறியாத மனிதர். ஊன்றுகோலோடு வந்தவர் கையில் இன்சூரன்ஸ் கடிதம் இருந்தது.

“இன்சூரன்ஸ்ல கைவிட்ட காடி எல்லாம் ஒரே மாதிரி இல்லம்மா. சிலதை ரிப்பேர் பண்ணி, முறையா சோதிச்சு, திரும்ப ஓட்டலாம். சிலதுல சாமான் கழட்டி விக்க மட்டும்தான் முடியும். அதுக்கு ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணிடுவாங்க. எங்களது ரெண்டாவது வகை, இதோ எழுதியிருக்கு. நீ வாங்கின நம்பரும் பேப்பரும் வேற ஏதோ காடியோடது.”

“ஒரு தகட்டை மட்டும் கழட்டிப் பூட்டியிருக்கலாம்தானே அண்ணை?”

“பானெட்டைக் கழட்டி மாட்டலாம். இந்தத் தகடு பாடியோட சேர்ந்தது. சந்தேகம்னா பின்னால பாரு.”

பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கினார்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் விரல் தடிப்பில் ஒரு வெல்டிங் கோடு, பின்சீட்டுக்கு நேர் பின்னால், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஓடியது. இடிபட்ட காரின் முன்பாதியோடு வேறொரு காரின் பின்பாதியை ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை விடிய அந்தச் சீட்டில் அவளோடு வேலைக்கு வருகிற விக்னேஸ்வரியும் துஷானியும் இன்னொருத்தியும் இருந்திருப்பார்கள். மோட்டார்வேயில் நூறில் போயிருப்பாள். “என்ர மாதாவே” என்று புல்லில் அப்படியே இருந்துவிட்டாள் ராசமணி.

திங்கட்கிழமை தனபாலன் லீவு போட்டுவிட்டு அவளோடு யார்டுக்கு வந்தார். தானும் ஏலத்தில் ஏமாந்ததாகச் சொன்ன யார்டுக்காரன், கடிதத்தைப் படித்ததும் முழுப் பணத்துக்கும் செக் எழுதித் திருப்பித் தந்தான். வேறு கார் கிடைக்கும்வரை வேலைக்குப் போக, வேதவள்ளி தன் கார்ச் சாவியையே கொண்டுவந்து தந்தாள். ராசமணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சாவியை மட்டும் பார்த்தாள்.

அடுத்த மாதம் ஒரு கிழட்டு வெள்ளைக் கார் வாங்கினாள், இரண்டு மெக்கானிக்குகளிடம் அடியும் நுனியும் காட்டிய பிறகு. கண்ணாடியில் செபமாலை தொங்க, அதே வாசலில் வந்து நிறுத்தினாள். கையில் ஒரு சின்ன மஞ்சள் பெயின்ட் டின்.

“அக்கா, அண்டைக்கு நான் சொன்னதை மன்னியுங்கோ. பேச்சு வாங்கியும் நீங்கள் பேசாமல் போகேல்லை. எங்கள் அஞ்சு பேரின்ர உயிரும் நீங்கள் தந்தது. இதுக்கும் ஒரு சுழி போட்டுவிடுங்கோ.”

“நீ சர்ச்சுக்குப் போறவளாச்சே.”

“ஃபாதர் தண்ணி தெளிச்சிட்டார் அக்கா. இது எனக்கு.”

வேதவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல காரியம், இந்தத் தடவை பக்கத்தில் ஆளும் நிற்கிறதே என்று பிரஷை வலது கைக்கு மாற்றினாள். ராசமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா. இடக்கையாலயே போடுங்கோ. பெருவிரலையும் வையுங்கோ.”