பத்தாவது படத்துக்கு ஓர் ஆள் தேவை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்கின் லெபோ பசார் தெருவில் பூக்கடைக்கு எதிரே, கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "அங்கிள், உங்க டிரெஸ்ஸிங் நல்லாருக்கு. ஒரு படம் எடுத்துக்கலாமா?" நான் கைலியும் பழைய பாத்தேக் பூச்சட்டையும் அணிந்து, மகனுடைய ஓட்டக் காலணியை மாட்டியிருந்தேன். கேலி செய்கிறாள் என்று நினைத்து, "வேணாம்மா, ஷேவ் பண்ணல" என்று நழுவிவிட்டேன். தேநீர்க் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவ்வளவு துணிச்சலாகக் கேட்டவளுக்கு ஒரு கதையாவது தர வேண்டாமா?

பெயர் கேட்கவில்லை. காமினி என்று நானே வைத்துக்கொண்டேன்.

2

முதல் முயற்சி: "ஜார்ஜ் டவுனின் பழைய சுவர்களில் காலை வெயில் தங்கத்தைப் பூசிக்கொண்டிருந்தபோது…"

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சுவரில்தான் தொடங்குகிறார்கள். [ஊரில் மனிதர்களும் இருக்கிறார்கள்.]

இரண்டாம் முயற்சி: காமினிக்கு இருபத்தாறு வயது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கியில் குனிந்து, நகத்தைவிடச் சிறிய மின்சில்லுகளில் கீறல் தேடுவாள். கீறல் இருந்தால் 'ரிஜெக்ட்' தட்டில் போடுவாள்.

அவள் ஆசை வேறு. தெருவில் நடப்பவர்கள் உடுத்தும் அழகைப் படம் பிடிக்க வேண்டும். கோலாலம்பூரில் ஓர் இணைய உடை இதழ் புதியவர்களைத் தேடுகிறது. பத்துப் பேர், தலை முதல் கால் வரை, அவரவர் சம்மதத்தோடு. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். கேமரா அக்காள் கணவர் குகனுடையது. கல்யாணப் படம் எடுக்கிற அவர், நான்கு ஞாயிறு மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்று போய்விட்டது. கையில் ஒரு படம்கூட இல்லை.

3

ஏன் இல்லை? இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. கூச்ச சுபாவம் என்று எழுதினேன். பொய். என்னையே நடுத்தெருவில் மறித்தவள் அவள்! அந்த வரியை அடித்துவிட்டு யோசித்தபோது அவள் வேலை நினைவுக்கு வந்தது. தெருவிலும் அவள் கீறல்தான் தேடியிருக்கிறாள். பட்டுப்புடவை பிரமாதம், ஆனால் தோளில் ஊக்கு தெரிகிறது. ரிஜெக்ட். சட்டை அருமை, பையில் மைக்கறை. ரிஜெக்ட். ஒத்துக்கொண்டவர்களையும் விடவில்லை. "அக்கா, அந்தப் பைய கீழ வச்சிடுங்க, முந்தானைய இழுத்து விடுங்க" என்பாள். எல்லாம் சரிசெய்து முடித்ததும் அந்த அக்கா அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர் மாதிரி விறைத்து நிற்பார். அதுவும் ரிஜெக்ட்.

(குறிப்பு: எனக்கும் இதே வியாதிதான். மேலே உள்ள பத்தியை ஏழு முறை திருத்தினேன். மூன்றாவதே நன்றாக இருந்தது.)

4

நான்காம் ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் கல்லாவைக் கவனிக்கும் ஃபஸீலா காற்று வாங்க வாசலுக்கு வந்தாள். கரும்பச்சை பாஜு குரோங் அங்கி, அதன்மேல் குழம்புக் கறை படிந்த ஏப்ரன், காலில் வெள்ளை ஓட்டக் காலணி. தலையை மூடியிருந்த மாம்பழ மஞ்சள் துடோங்கைத் தாடைக்குக் கீழே பிடித்திருந்தது துணி காயப்போடும் ஒரு சிவப்பு கிளிப்.

"சிஸ், ஒரு படம் எடுத்துக்கலாமா? அந்தக் கிளிப்ப மட்டும் எடுத்துட்டா…"

"எடுத்தா துடோங் காத்துல போயிடும்லா. ப்ரோச் காலையிலேயே தொலஞ்சு போச்சு."

"படத்துல நல்லா இருக்காது, சிஸ்."

ஃபஸீலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழு மணிலேருந்து இப்படித்தான் நிக்கிறேன். சாப்பிட வந்த ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எடுக்கறதா இருந்தா இப்படியே எடு. இல்லன்னா நகரு, கஸ்டமர் வராங்க."

இடுப்பில் கை வைத்து, தலையை நிமிர்த்தி ஒரு முறை முறைத்தாள். காமினியின் விரல் தானாக அழுந்தியது. திரையைப் பார்த்தாள். படம் முழுவதையும் அந்தச் சிவப்பு கிளிப்தான் தூக்கி நிறுத்தியிருந்தது.

"சிஸ்! இதப் பாருங்களேன்!"

ஃபஸீலா எட்டிப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. "அல்லா, நானா இது? செமயா இருக்கேன்லா! இப்பவே எனக்கு அனுப்பு."

5

இந்த இடத்தில் மழையைக் கொட்டவிடலாமா என்று பார்த்தேன். கேமரா நனையும், கதை சோகமாகும், நாலு பேர் பாராட்டுவார்கள். [ஆளைத் தோற்கடித்தால்தான் இலக்கியம் என்று எழுதுகிற எங்களுக்கு ஒரு நினைப்பு.] "வானம் கறுத்துக்கொண்டு…" என்று தொடங்குவதற்குள் காமினி அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நான் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

தோளில் ஊக்கு பளபளக்க, கொத்தமல்லிக் கட்டை இடுக்கிக்கொண்டு வந்த நல்லம்மாள். கால்சட்டையின் ஒரு காலை மட்டும் மடித்துவிட்டு சைக்கிள் மிதித்த தங்கராஜு. மூக்குக் கண்ணாடிக்குப் பச்சை டேப் ஒட்டியிருந்த ஐமான். நான்கு மணிக்குள் ஒன்பது படங்கள்! ஒருவரையும் அவள் சரிசெய்யவில்லை. "அப்படியே நில்லுங்கண்ணே, அதேதான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தாவது நானாக இருக்கலாமே என்ற ஆசையில், வழவழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கதைக்குள் நுழைந்தேன். காமினி மேலும் கீழும் பார்த்தாள். "சாரி அங்கிள், ரொம்ப நீட்டா வந்துட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். எனக்கு வேண்டியதுதான்.

6

இதழ் அவளைத் தேர்ந்தெடுத்ததா? ஒரு முடிவில் தேர்ந்தெடுத்தது. படித்தால் விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொரு முடிவில் இதழ் கைவிட்டது, குகன் படங்களைப் பார்த்துவிட்டு "கேமராவ நீயே வச்சுக்கோ" என்றார். அவர் அப்படிச் சொல்கிற ஆளில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். எப்படியும் மணி ஐந்து இருபதுதான் ஆகிறது, இன்னும் ஒரு படம் பாக்கி.

காமினி நிமிர்கிறாள். என்னைத் தாண்டி, இந்தப் பக்கத்தைத் தாண்டிப் பார்க்கிறாள். உங்கள் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறமா, துப்பட்டா ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா, எனக்குத் தெரியாது. அவள் கவனித்துவிட்டாள். நேராக உங்களிடம்தான் வருகிறாள். நீங்கள் மாட்டேன் என்றாலும் சோர்ந்துவிட மாட்டாள். தெரு நிறைய ஆட்கள், முழுதாக நாற்பது நிமிடம். ஆனாலும் முதலில் உங்களைத்தான் கேட்கிறாள்.

"அப்படியே இருங்க. ஒரு படம் எடுத்துக்கலாமா?"