ரிவர்ஸில் இலங்கை

இலங்கையை ஒரு வாரம் வேனிலேயே சுற்றிவருவது என்று நான் முடிவெடுத்த செய்தி கேட்டு ஓசூரில் இரண்டு கம்பெனிகளில் உற்பத்தியே நின்றுபோனது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்ட வேண்டும். கொழும்பில் கிளம்பி, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று கடலை ஒட்டியே போனால் மறுபடி கொழும்பு. தீவு என்பதால் வழி தவறவே முடியாது.

ஒரே தடை என் மனைவி சுமலதா. அவள் வராமல் நான் போகமாட்டேன். நான் அளப்பதையெல்லாம் பக்கத்திலிருந்து யார் மறுப்பது?

"ஏங்க, நீங்க கடைசியா வண்டி ஓட்டுனது எப்போ?"

"ஃபேக்டரில தினம் ஓட்டுனேனே."

"அது ஃபோர்க்லிஃப்ட்டுங்க."

முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிப் பாரம் தூக்கும் வண்டி அது. பணி ஓய்வு பெறும்வரை நான் தூக்கியதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், பெங்களூர் போகும் விமானங்கள் எல்லாம் ஓசூரைச் சுற்றித்தான் போயிருக்கும்.

"சூளகிரில இருந்து நாகரசம்பட்டி எங்க அக்கா வீட்டுக்கு ஓட்டிக் காட்டுங்க. நான் ஒருவாட்டி கத்துனாலும் இலங்கை கேன்சல்."

சூளகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் நண்பர் சாந்த் பாஷா தன் வேனைக் கொடுத்தார். "கத்தாத தங்கச்சி, வண்டில ஹார்ன் இருக்குது," என்றார்.

அக்கா வீட்டு விசேஷத்துக்கென்று சுமலதா ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்திருந்தாள். பின்னால் போட்டால் நசுங்கிவிடுமாம். மடியில் ஏற்றிக்கொண்டாள். முன்கண்ணாடியில் பாதி மறைந்துபோனது.

பாரம் பார்வையை மறைத்தால் முன்னால் போகக் கூடாது, ரிவர்ஸில்தான் போக வேண்டும். ஃபோர்க்லிஃப்ட்டில் இதுதான் விதி. என் கை தானாகவே ரிவர்ஸ் கியர் போட்டது. கழுத்தைத் திருப்பினேன். மண்டிச் சந்து முழுக்க நூல் பிடித்ததுபோல் பின்னாலேயே போனேன். எதிரே வந்த லாரிகள் ஓரங்கட்டின. விதி மாறிவிட்டதென்று நினைத்த ஒரு கர்நாடகா லாரிக்காரர் தானும் ரிவர்ஸ் போட்டார்.

சுமலதா கத்தவே இல்லை. சந்து முனையில்தான் கேட்டாள்.

"ஏங்க, நாகரசம்பட்டி நம்ம முதுகுப் பக்கம்தானே இருக்குது?"

"ஆமா. அங்கதான் போறோம்."

பாஷா லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யோவ் தீர்த்தகிரி! அண்டாவ எறக்கிப் பின்னாடி வைய்யா! ரோட்டப் பாத்து நேரா போ!"

வைத்தோம். ரோடு முழுசாகத் தெரிந்தது. முதல் கியர் போட்டுத் திருப்பினேன். ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பின்சக்கரம் திரும்பும், இதற்கு முன்சக்கரம் திரும்பும் என்பது ஞாபகத்துக்கு வருவதற்குள், வழியில் நின்ற புளியமரம் எங்களைப் பார்க்க வந்துவிட்டது.

சுமலதா கத்தியது தர்மபுரிவரை கேட்டிருக்கும். பிரேக் பிடித்துவிட்டேன். மரத்துக்கு ஒன்றுமில்லை. இலங்கைதான் போய்விட்டது.

நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். சுமலதா இறங்கிப் பின்னால் போய், அண்டாவைத் தூக்கி வந்து, பழையபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வர்றது கண்ணுக்குத் தெரியலைன்னா பயமே இல்லீங்க," என்றாள் அண்டாவுக்குப் பின்னாலிருந்து. "ஃபிளைட்ல இத ஏத்த வுடுவாங்களா, கேட்டுப் பாருங்க."